மாணவர்கள் நடத்தும் எட்டாம் சானல்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸிலிருந்து கொலம்பியாவுக்கு ரயில் கிடையாது. விமான நிலைய வாசலில் வேன் பிடித்து, இன்டர்ஸ்டேட் 70 நெடுஞ்சாலையில் மேற்கே ஏறத்தாழ 2 மணி நேரம் போக வேண்டும். செயின்ட் சார்ல்ஸ் பக்கத்தில் மிசூரி ஆற்றைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் நகர நெரிசல் விட்டுப்போகிறது. பிறகு இருபுறமும் உழவு நிலம். நான் போனது ஏப்ரல் கடைசி, மக்காச்சோளம் விதைக்கும் பருவம். ஈரம் காயாத கரிய மண்ணில் டிராக்டர்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. தெற்கு வானம் கறுத்திருந்தது. அந்தப் பக்கத்து மக்களுக்கு வசந்தகாலம் என்றால் பூக்களோடு டொர்னேடோவும் நினைவுக்கு வரும்.

கிங்டம் சிட்டி நெருங்கியபோது ஓட்டுநர் வானொலியை 91.3-இல் நிறுத்தினார். கே.பி.ஐ.ஏ. என்ற பொது வானொலி. ஆற்றின் நீர்மட்டம், ஜெஃபர்சன் சிட்டியில் நடக்கும் சட்டமன்றக் கூட்டம், ஒரு பள்ளி மாவட்டத்தின் வரி வாக்கெடுப்பு என்று ஓர் இளம்பெண் நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தார். “படிக்கிற பிள்ளையாக இருக்கும்” என்றார் ஓட்டுநர். அதில் இளக்காரம் எதுவும் இல்லை. அவருடைய மைத்துனருக்கு ஆற்றங்கரையில் நிலம் இருக்கிறதாம். தண்ணீர் ஏறுகிறதா என்று தெரிந்துகொள்ள இந்த நிலையத்தைத்தான் வைப்பாராம்.

அந்தப் பிள்ளைகளைப் பார்க்கத்தான் நானும் போய்க்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டில் இதழியல் படிக்கும் மாணவர்கள் பலரோடு பேசியிருக்கிறேன். கேமரா பிடிக்கக் கற்கிறார்கள், புல்லட்டின் தயாரிக்கிறார்கள், வகுப்பில் போட்டுக்காட்டி மதிப்பெண் வாங்குகிறார்கள். அந்தப் புல்லட்டினை வகுப்புக்கு வெளியே ஒருவரும் பார்ப்பதில்லை. மிசூரியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகம், வணிகரீதியாக இயங்கும் முழுநேரத் தொலைக்காட்சி நிலையத்தையே சொந்தமாக வைத்துக்கொண்டு, அதன் செய்தி அறையை மாணவர்களின் கையில் விட்டிருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று நேரில் பார்க்க ஆசைப்பட்டேன்.

கொலம்பியா ஒரு கல்லூரி ஊர். ஒன்பதாம் தெருவில் நடந்தால் புத்தகக் கடையும் பீட்சா கடையும் காபிக் கடையும் மாணவர் கூட்டமுமாக இருக்கிறது. தெருவின் கடைசியில் பல்கலைக்கழகம் தொடங்கிவிடுகிறது. தனியே மதில் எதுவும் கிடையாது. நடுப்புல்வெளியில் கூரையும் சுவரும் இல்லாமல் ஆறு பெரிய கல்தூண்கள் நிற்கின்றன. 1839-இல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கட்டடம் 1892 ஜனவரியில் எரிந்துபோனது. எஞ்சியவை இந்தத் தூண்கள். பல்கலைக்கழகத்தையே வேறு ஊருக்கு மாற்றிவிடலாம் என்று அப்போது பேச்சு எழுந்தது. ஊர்க்காரர்கள் பணம் திரட்டி அதைத் தக்கவைத்துக்கொண்டார்கள். புல்வெளியின் ஓரத்தில், அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சனின் முதல் கல்லறைக் கல்லும் இருக்கிறது. அவர் பிரான்ஸிடம் வாங்கிய பெருநிலத்தில் எழுந்த முதல் மாநிலப் பல்கலைக்கழகம் என்பதால் அவருடைய குடும்பத்தார் கொடுத்தது.

தூண்களுக்கு வடக்கே, நெஃப் ஹாலுக்கும் வால்டர் வில்லியம்ஸ் ஹாலுக்கும் நடுவே செய்தியியல் பள்ளியின் வளைவு. சீன அரசு 1931-இல் பரிசளித்த இரண்டு கல் சிங்கங்கள் அங்கே காவல் இருக்கின்றன. அந்த வளைவுக்குக் கீழே வெகுநேரம் நின்றேன். வால்டர் வில்லியம்ஸின் வாழ்க்கை எனக்கு மிகவும் பிடித்தமானது. 1864-இல் பக்கத்து ஊரான பூன்வில்லில் பிறந்தவர். கல்லூரி வாசலை மிதிக்காதவர். அச்சுக்கூடத்தில் வேலை பழகி, கொலம்பியாவின் வாரப் பத்திரிகைக்கு ஆசிரியராகி, பத்திரிகைத் தொழிலைப் பல்கலைக்கழகத்தில் கற்றுத்தர வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார். பத்திரிகைக்காரர்களே அதை எதிர்த்தார்கள். செய்தி எழுதுவதை அலுவலகத்தில்தான் பழக முடியும், கரும்பலகையில் பழக முடியாது என்றார்கள்.

வில்லியம்ஸ் அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டே அதற்கு விடையும் கண்டுபிடித்தார். 1908 செப்டம்பர் 14 அன்று செய்தியியல் பள்ளி திறந்தது. அதே நாளில் மாணவர்கள் தயாரித்த நாளிதழும் வெளியானது. ஊருக்கான பத்திரிகை அது. வளாகச் செய்திக்கு மட்டுமானது என்று அவர் ஒதுக்கவில்லை. உலகின் முதல் செய்தியியல் பள்ளி என்று இதைச் சொல்வார்கள். பாரிஸில் 1899-இலேயே ஒரு பள்ளி தொடங்கிவிட்டது. ஆனாலும் பல்கலைக்கழகத்துக்குள் இப்படி ஒரு முறையை வேரூன்ற வைத்த பெருமை வில்லியம்ஸுக்கு உண்டு. பட்டம் பெறாத அவரே பிற்காலத்தில் இந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் ஆனார்.

சென்னைக்காரர்கள் இந்த இடத்தில் அன்னி பெசன்டை நினைத்துக்கொள்ளலாம். 1920-இல் அடையாறு தேசியப் பல்கலைக்கழகத்தில் அவர் இதழியல் வகுப்பு தொடங்கியபோது, மாணவர்களை ‘நியூ இந்தியா’ நாளிதழுக்கு அனுப்பித்தான் தொழில் பழக்கினார். இந்தியாவில் இதழியல் கல்வியின் முதல் முயற்சியே அச்சுமை வாசத்தோடு தொடங்கியது. அந்த மரபை நாம் தொடர்ந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

நாளிதழில் தொடங்கிய முறை தொலைக்காட்சிக்கு வந்தது 1953 டிசம்பர் 21-இல். அன்று பல்கலைக்கழகத்தின் கே.ஓ.எம்.யு. நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. அலைவரிசை எண் 8. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே உள்ள நிலையங்களின் பெயர் பெரும்பாலும் கே என்ற எழுத்தில் தொடங்கும், கிழக்கே இருப்பவை டபிள்யூ என்று தொடங்கும். அமெரிக்க ஒலிபரப்பு ஒழுங்குமுறையின் பழைய ஏற்பாடு இது. கே.ஓ.எம்.யு. என்.பி.சி. வலையமைப்பைச் சேர்ந்தது. தேசியச் செய்தியும் நாடகங்களும் விளையாட்டும் என்.பி.சி.யிலிருந்து வரும். காலையிலும் மாலையிலும் இரவிலும் உள்ளூர்ச் செய்தி கொலம்பியாவிலிருந்து போகும். நிலையத்தின் செலவுக்கு விளம்பர வருமானம் இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பலவற்றுக்குப் பொதுத் தொலைக்காட்சி நிலையம் உண்டு. பெரிய வணிக வலையமைப்பின் நிலையத்தைத் தானே வைத்திருப்பது மிக அரிது.

நிலையம் ஊருக்குத் தெற்கே, 63-ஆம் நெடுஞ்சாலை ஓரம் இருக்கிறது. வளாகத்திலிருந்து காரில் போக வேண்டும். காலைக் கூட்டத்துக்கு உட்கார அனுமதி கிடைத்தது. மேசையைச் சுற்றி இருபது வயதுப் பிள்ளைகள். தலைமாட்டில் செய்தி ஆசிரியர். பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியர், இங்கே செய்திகளைத் தேர்ந்து திருத்தும் டெஸ்க் அவர்தான். ஒவ்வொரு மாணவரும் இரண்டு மூன்று செய்தி யோசனைகளோடு வர வேண்டும். யோசனையை எறிந்துவிட்டு உட்கார முடியாது. இதனால் யாருடைய வாழ்க்கை மாறுகிறது, அவரோடு பேசினாயா, கேமராவுக்கு முன் பேசுவாரா, எதிர்த்தரப்பு யார், காட்டுவதற்கு என்ன விஷுவல் இருக்கிறது என்று கேள்விகள் வரிசையாக வரும். ஒரு பையன் மாநிலத்தின் பட்ஜெட் மசோதாவைப் பற்றி உற்சாகமாகப் பேசினான். ஆசிரியர் கடைசிவரை கேட்டுவிட்டு, அந்த மசோதாவால் பாதிக்கப்படும் ஒரு மனிதரின் பெயரைச் சொல் என்றார். சொல்ல முடியவில்லை. பத்து நிமிடத்தில் தேடிக்கொண்டு வா என்று அனுப்பினார். பையன் ஃபோனோடு வராந்தாவுக்கு ஓடினான்.

ஒரு மாணவியின் யோசனை உடனே எடுபட்டது. சிற்றூர் ஒன்றில் குடிநீர்க் கட்டணம் உயர்கிறது. அவளோடு நானும் போகலாமா என்று கேட்டேன். சரி என்றாள். கேமரா, முக்காலி, கம்பியில்லா மைக், விளக்கு எல்லாவற்றையும் அவளே தூக்கி வண்டியில் வைத்தாள், அவளே ஓட்டினாள். ஒளிப்பதிவாளர், உதவியாளர் யாரும் கிடையாது. போகிற வழியில் தன்னைப் பற்றிச் சொன்னாள். முதலிரண்டு ஆண்டுகளில் வரலாறு, பொருளியல், புள்ளியியல் எல்லாம் படித்தாளாம். வார இறுதியில் உணவகத்தில் பரிமாறுகிறாள். இந்தச் செய்தி வேலைக்குச் சம்பளம் இல்லை, பாடத்துக்கான மதிப்புதான். படிப்பு முடிந்ததும் ஏதாவது சிறிய ஊர் நிலையத்தில் குறைந்த சம்பளத்தில் தொடங்க வேண்டியிருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. மற்ற மாநிலத்திலிருந்து வரும் மாணவர்களுக்குக் கட்டணம் அதிகம். கையில் காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இலவச உழைப்பு எளிது, மற்றவர்களுக்குக் கடினம். அரசுப் பல்கலைக்கழகம் இதை இன்னும் யோசிக்க வேண்டும்.

ஊர் மன்ற அலுவலகத்தில் எழுத்தரிடம் பேட்டி எடுத்தாள். குழாய்கள் எத்தனை ஆண்டுப் பழையவை, கடன் எங்கே வாங்கப்போகிறார்கள், உயர்வு எந்த மாதத்திலிருந்து என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிறகு ஒரு மூதாட்டியின் வீட்டுக்குப் போனோம். அவர் சமையலறை மேசையில் தண்ணீர் பில்களைத் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர். மாணவி கேமராவை உடனே திறக்கவில்லை. அவர் பேசட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட வேண்டியதுதான் என்று அவர் சொன்ன பிறகுதான், அதைத் தோட்டத்தில் நின்றபடி சொல்ல முடியுமா என்று கேட்டாள். அந்தப் பொறுமையை எந்தப் பாடநூலிலும் நான் பார்த்ததில்லை. வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு மாலையில் என்ன காட்டப்போகிறோம் என்ற பொறுப்பு அவளுக்கு இருந்தது. அதிலிருந்து வந்த பொறுமை அது.

திரும்பி வந்ததும் எழுதத் தொடங்கினாள். செய்திக்குக் கிடைத்த நேரம் 1 நிமிடம் 15 விநாடி. அதற்குள் அவளுடைய குரல், இரண்டு பைட் (பேட்டியின் சிறு துண்டுகள்), கேமராவைப் பார்த்து அவள் பேசும் பகுதி, எல்லாம் அடங்க வேண்டும். ஆசிரியர் ஸ்க்ரிப்டை உரக்கப் படிக்கச் சொன்னார். மூச்சு வாங்கிய இடத்தில் வாக்கியத்தை உடைத்தார். மூன்று எண்கள் வந்த வரியில் இரண்டை எடுத்துவிட்டார். காதால் கேட்பவர் திரும்பிப் படிக்க முடியாது, ஒரு வரிக்கு ஓர் எண் போதும் என்றார். தொலைக்காட்சிக்கு எழுதுவதில் இதைவிட முக்கியமான விதி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மாலை 5 மணிக்கு மேல் அறையின் வேகம் மாறியது. செய்திகளின் வரிசைப் பட்டியலான ரன்டவுனைக் கையில் வைத்திருந்த ப்ரொட்யூசரும் மாணவிதான். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து ஆங்கரின் காதில் விநாடிக் கணக்குச் சொல்வது அவள் வேலை. தெற்கு மாவட்டங்களுக்கு டொர்னேடோ எச்சரிக்கை வந்தது. வானிலைக்கு நேரம் ஒதுக்கச் செய்திகளை ஒவ்வொன்றாகச் சுருக்கினாள். குடிநீர்ச் செய்தி 40 விநாடிக்கு வந்தது. மூதாட்டியின் தோட்டம் தப்பியது, எழுத்தரின் பைட் போய், அவர் சொன்னது ஆங்கரின் ஒரு வரியாயிற்று. யாரும் முணுமுணுக்கவில்லை. திரையின் மூலையில் வரைபடத்தில் சிவப்புக் கட்டம் நகர்வதையே எல்லோரும் பார்த்தார்கள். அந்தக் கட்டத்துக்குள் வீடுகள் இருக்கின்றன. 2019 மே 22 இரவு ஜெஃபர்சன் சிட்டியைத் தாக்கிய டொர்னேடோவை இந்தப் பகுதி மறக்கவில்லை. எச்சரிக்கை சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தால்தான் மக்கள் நிலவறைக்குள் இறங்க முடியும். படிப்பு, தேர்வு என்ற எண்ணமெல்லாம் அந்த நேரத்தில் அந்த அறைக்குள் இல்லை.

புல்லட்டின் முடிந்ததும் ஃபோன் அடித்தது. ஊர் எல்லைக்கு வெளியே உள்ள வீடுகளுக்கும் அதே உயர்வுதானா என்று ஒருவர் கேட்டார். மாணவி எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுநாள் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னாள். அவளுடைய அடுத்த செய்தி அங்கே பிறந்துவிட்டது. இதே ஊர்களுக்கு ஏ.பி.சி., சி.பி.எஸ். வலையமைப்புகளைச் சேர்ந்த நிலையங்களும் செய்தி தருகின்றன. அங்கே இருப்பவர்கள் சம்பளம் வாங்கும் தொழில்முறைச் செய்தியாளர்கள். மாணவர் என்பதற்காக எந்தப் பார்வையாளரும் சலுகை தருவதில்லை, ரிமோட் அவர் கையில் இருக்கிறது.

அரசுப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் செய்தி அறை வைத்திருந்தால் அரசு சும்மா இருக்குமா என்ற கேள்வி என்னோடு வந்துகொண்டே இருந்தது. அதற்கு விடையும் இந்த நிலையத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதல்கள் முடிந்த சில நாட்களில், திரையில் தோன்றும் செய்தியாளர்கள் கொடிச் சின்னமோ ரிப்பனோ அணியக் கூடாது என்று நிலையத்தின் செய்தி இயக்குநர் அறிவுறுத்தினார். அரசின் செயலை நாளை கேள்வி கேட்க வேண்டியவர்கள் எந்த ஆதரவு அடையாளத்தையும் அணியலாகாது என்பது அவர் கருத்து. நாடே கொந்தளித்திருந்த நேரம் அது. கடும் எதிர்ப்பு கிளம்பியது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் சிலர் பல்கலைக்கழகத்தின் நிதியை வெட்டுவோம் என்று எச்சரித்தார்கள். ஆனாலும் செய்தி இயக்குநர் தன் முடிவிலிருந்து பின்வாங்கவில்லை. அந்த நிலைப்பாடு சரியா தவறா என்று இரண்டு பக்கமும் பேசலாம். நான் அவர் பக்கம். செய்தி அறையின் முடிவைச் செய்தி அறைதான் எடுக்க வேண்டும் என்பதை அந்த ஆண்டு அங்கே படித்த மாணவர்கள் கண்ணெதிரே கற்றிருப்பார்கள்.

பொதுப் பல்கலைக்கழகம் என்ற பெயரைப் பெருமையாகச் சொல்லும்போது லூசில் ப்ளூஃபோர்டை விட்டுவிடக் கூடாது. கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் இதழியல் பட்டம் பெற்று, ‘கேன்சஸ் சிட்டி கால்’ என்ற கறுப்பினத்தவர் பத்திரிகையில் பணியாற்றியவர். 1939-இல் மிசூரிச் செய்தியியல் பள்ளியின் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்தார். தபாலில் இடம் கிடைத்தது. சேர்வதற்கு நேரில் வந்தபோது அவர் கறுப்பர் என்று பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். மீண்டும் மீண்டும் முயன்றார், நீதிமன்றம் போனார். அவரைச் சேர்க்க வேண்டிய நெருக்கடி வந்தபோது முதுகலைப் படிப்பையே பல்கலைக்கழகம் மூடியது. போரால் மாணவர் குறைந்துவிட்டார்கள் என்று காரணம் சொன்னது. கறுப்பின மாணவர்களுக்காக 1942-இல் ஜெஃபர்சன் சிட்டியின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் தனியே இதழியல் பள்ளி திறந்தார்கள். வரி எல்லோரும் கட்டினார்கள், அலைவரிசை எல்லோருக்கும் பொது, வகுப்பறை மட்டும் சிலருக்கு என்றிருந்த காலம்.

இந்தப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் முதன்முதலில் சேர்ந்தது 1950-இல். ப்ளூஃபோர்டு தன் பத்திரிகையின் ஆசிரியராக நீண்ட காலம் இருந்தார். எந்தப் பல்கலைக்கழகம் அவரைத் திருப்பி அனுப்பியதோ அதுவே 1989-இல் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது. ஐம்பது ஆண்டுத் தாமதம். 2015-இல் இனவெறுப்பை எதிர்த்துப் போராடிய மாணவர்கள் தங்கள் இயக்கத்தின் பெயரில் அந்த 1950 என்ற எண்ணையே சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் போராட்டத்தில் பல்கலைக்கழக அமைப்பின் தலைவர் பதவி விலகினார். அன்று போராட்டக் கூடாரங்களைப் படம் எடுக்க வந்த மாணவச் செய்தியாளர்களைப் போராடியவர்கள் தடுத்தார்கள். பொது நிலத்தில் கூடுகிற உரிமையும் அதைப் படம் எடுக்கிற உரிமையும் அமெரிக்க அரசியலமைப்பின் ஒரே சட்டத்திருத்தத்தில் இருப்பவை. மறுநாளே வளாகத்தில் செய்தியாளர்களை வரவேற்கும் அறிவிப்புகள் வைக்கப்பட்டன. அந்தப் புல்வெளியில் நின்றபோது இரண்டு தரப்பு மாணவர்களையும் மதிக்கத் தோன்றியது.

ஊர் திரும்பும் வழியெல்லாம் நம் பல்கலைக்கழகங்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்த 2002 இறுதியில் மத்திய அரசு வழி திறந்தது. நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலியை 2004 பிப்ரவரி 1-இல் தொடங்கியது நம் அண்ணா பல்கலைக்கழகம். சின்ன நிலையம்தான், சில கிலோமீட்டர் தூரம் கேட்கும். மிசூரியில் இருப்பதுபோல் பெரிய கோபுரமோ விளம்பர வருமானமோ வேண்டியதில்லை, செய்தி கற்க அந்தச் சில கிலோமீட்டரே போதும். ஆனால் இந்தியாவில் சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. தனியார் எஃப்.எம். நிலையங்களுக்கும் இல்லை. வானிலை, போக்குவரத்து, தேர்வு அறிவிப்பு, குடிநீர் வரும் நேரம் ஆகியவற்றைச் சொல்லலாம். குடிநீர்க் கட்டணத்தை ஏன் உயர்த்துகிறார்கள் என்று மன்றத்தில் நடந்த விவாதத்தைச் செய்தியாக்கிச் சொல்ல முடியாது. அந்த மிசூரி மாணவி ஒரு பகலில் செய்த வேலையை நம் ஊர் மாணவி தன் வளாக வானொலியில் செய்தால் விதிமீறல்.

அலைவரிசை பொதுமக்களின் சொத்து என்று 1995-இல் நம் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. தனியார் தொலைக்காட்சிகள் இருபத்துநான்கு மணி நேரமும் செய்தி தருகின்றன. பொதுப் பல்கலைக்கழகத்தில், ஆசிரியரின் மேற்பார்வையில், பக்கத்து வார்டின் செய்தியைச் சொல்லப்போகும் பிள்ளைகளுக்கு மட்டும் தடை எதற்கு? முதல் கட்டமாக, இதழியல் துறை உள்ள அரசுப் பல்கலைக்கழகங்களின் சமுதாய வானொலிகளுக்காவது உள்ளூர்ச் செய்தி அனுமதியை மத்திய அரசு தர வேண்டும். துணைவேந்தர்களும் இதழியல் துறைத் தலைவர்களும் சேர்ந்து அதைக் கேட்க வேண்டும். கேட்காமல் எந்த அனுமதியும் வந்ததில்லை. இதழியல் படிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் தயாரிக்கும் செய்தியை ஊரில் யார் கேட்கிறார்கள் என்று அடுத்தமுறை கல்லூரிக்குப் போகும்போது விசாரித்துப் பாருங்கள்.